வலது கை மோதிரம்

யெகாத்தரின்பூர்க்,
மார்ச் 14, 2004

அன்பு மகள் ரிம்மாவுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. நான் நலம். மூர்மன்ஸ்கில் குளிர் குறைந்ததா? கழுத்தை மூடாமல் வெளியே போகாதே. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. பனியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. ஃபோனில் சொன்னால் அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர் மேல்மாடி வலேரி ஸ்தெபானொவிச். டிராம் ஓட்டினாரே, மனைவியை இழந்தவர், அவர்தான். போய்ச் சேர்வதற்குள் விரல் வீங்கி, அப்பாவின் மோதிரம் சதையில் புதைந்துவிட்டது. பெண் டாக்டர், "அறுத்துத்தான் எடுக்கணும், இல்லேன்னா விரல் போயிடும்" என்றாள். நான் போட்ட கூச்சலில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது.

நீ பிறந்த வருடம், மோட்டார் சைக்கிள் ஆசையை விட்டுவிட்டு அப்பா வாங்கித் தந்த மோதிரம் அல்லவா? நடுவில் நம் உரால் மலை மரகதம், சுற்றிலும் பொடி வைரம், உட்புறம் சோவியத் நட்சத்திர முத்திரை. அவர் போன பிறகும், மற்ற விதவைகளைப் போல அதைக் கல்யாண மோதிரம் போடும் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

வலேரி, "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று டாக்டரை நிறுத்தினார். நர்ஸிடம் பட்டு நூல் வாங்கி, விரலில் நெருக்கமாகச் சுற்றி, சோப்பு தடவி, மெல்ல மெல்லக் கழற்றினார். வியர்த்துப்போய், "உங்க வீட்டுக்காரர் பிடி இரும்புப் பிடிங்க, விடவே மாட்டேங்கறார்" என்றார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

அன்றுமுதல் தினமும் சூப்போடு வந்தார். "இது சூப்பா, கடல் தண்ணியா?" என்று கேட்டால், "குடிச்சிட்டுத் திட்டுங்க" என்பார்.

சென்ற ஞாயிறு, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். நான் மேசைமேல் இருந்த மோதிரத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "அதைக் கழட்டி வெச்சிட்டு வாங்கன்னு சொல்லல, ஸோயா யெகோரொவ்னா. இடது கைல போட்டுக்குங்க. எனக்கு வலது கை போதும்" என்றார்.

அவர் போனதும் இடது கையில் போட்டுக்கொண்டேன். அவருக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்வேன்?

உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். ஆறியதும் எழுது. படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மனுஷர் வேறெதுவும் கேட்காமல் வெயில், பனி என்றே பேசிக்கொண்டிருக்கிறார், பாவம்.

மகராசியாய் இரு, கண்ணே.

உன் பதிலுக்கு ஏங்கும்
அம்மா ஸோயா