சிவப்புச் சேலையும் மஞ்சள் வட்டமும்

இன்று காலை விமானக் கொட்டகைக்குப் போனபோது, நம் பழைய விமானத்திலிருந்து, பக்கத்தில் பறக்கிற விமானங்களைக் காட்டும் அந்தப் பெட்டியைக் கழற்றி என் மேசைமேல் வைத்திருந்தார்கள். புதுசு மாட்டப் போகிறார்களாம். உள்ளங்கை அகலத்துக் கறுப்புக் கண்ணாடி. மின்சாரம் இல்லாததால் அதில் என் முகம்தான் தெரிந்தது. ஓரத்தில் நீ விரலால் தட்டித் தட்டித் தேய்த்த இடம் அப்படியே இருக்கிறது. தடவிப் பார்த்தேன். உன்னோடு பேசவேண்டும்போல் இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே பக்கத்து ஆட்கள். நான் சாத்தூருக்குக் கிழக்கே பருத்திக்காட்டு வீட்டுப் பிள்ளை. நீ சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போன அம்மாவின் ஒரே மகன். அரசு உதவித்தொகையில் விமானம் ஓட்டப் படித்தவன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருஷங்களில், வயிற்றில் கேமரா கட்டிய சின்ன விமானம் ஒன்றை மதுரையிலிருந்து எடுத்துப்போய், வரைபடக் கம்பெனிக்காக நம் ஊர்களை மேலிருந்து படம்பிடித்தோம். சொந்த ஊரை இப்படிச் சல்லடை போட்டுப் பார்க்கிற பாக்கியம் எவனுக்கு வாய்க்கும் என்று பெருமையடித்துக்கொள்வாய்.

உன்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த அறைக்குள் நுழைவதற்கு முன்னும் பத்தடி தள்ளி நின்றே "வாரேன்" என்று குரல் கொடுப்பாய். குளியலறைக்கும் அப்படித்தான். "உள்ளே யாருடா உனக்கு ஆரத்தி எடுக்கக் காத்திருக்கிறார்கள்?" என்று நான் கிண்டல் செய்வேன். உன் அம்மா வேலை பார்த்த கம்பெனியில் வந்த பழக்கம் அது என்று பிறகுதான் சொன்னாய். அங்கே ரூம்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தள்ளித் தள்ளி நிற்கும். உள்ளே வெடிமருந்து அடைக்கிறவர் கையில் உயிர் இருக்கிறது, திடுக்கிட்டால் போச்சு. அதனால் வருகிறவர் தூரத்திலேயே "வாரேன்" என்பார். உள்ளே இருப்பவர் கையிலிருப்பதை மெல்லக் கீழே வைத்துவிட்டு "வா" என்பார். அந்த "வா" கேட்காமல் யாரும் படி ஏறமாட்டார்கள்.

நம் விமானத்தில் இந்தப் பெட்டியை மாட்டிய அன்று, பக்கத்தில் பறக்கிற விமானங்களை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று இஞ்சினியர் நீட்டி முழக்கி விளக்கினார். பெட்டி ஓயாமல் ரேடியோவில் கேள்வி கேட்கும். மற்ற விமானத்தில் இருக்கும் கருவி பதில் சொல்லும். பதில் வந்த நேரத்தை வைத்துத் தூரம், வந்த பக்கத்தை வைத்துத் திசை, பதிலுக்குள்ளேயே அதன் உயரம். ரொம்ப நெருங்கினால் திரையில் மஞ்சள் வட்டம் போட்டு, "டிராஃபிக், டிராஃபிக்" என்று காதுக்குள் சொல்லும். எந்தப் பக்கம் விலகுவது என்று மட்டும் சொல்லாது. அதை நாம்தான் பார்த்து முடிவு செய்யவேண்டும். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "எங்கம்மா கம்பெனிதாம்லே இது! இது 'வாரேன்'ங்குது. அங்கன இருக்கவன் 'வா'ங்கான்."

"அவன்கிட்ட கருவி இல்லேன்னா?" என்று கேட்டேன்.

"பதில் வராது. அப்ப கண்ணுதாம்லே."

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். தீபாவளி சீசன். கீழே புகையும் புழுதியும் கலந்து, வானம் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. எங்கே பூமி முடிகிறது என்று தெரியாத வெளுப்பு. அதற்குள் நாம் நகர்கிறோமா, நிற்கிறோமா என்றே சந்தேகமாக இருந்தது. லீவு நாளில் நாம் அந்தப் பக்கம் போனால், மேலிருந்து உனக்கு வீடு தெரியட்டும் என்று உன் அம்மா மொட்டைமாடியில் சிவப்புச் சேலையை விரித்துப்போட்டு, நான்கு மூலைக்கும் கல் வைப்பார். நீ எட்டிப் பார்த்தாய். நானும் எட்டிப் பார்த்தேன். விமானம் ஓட்டுகிற இரண்டு பேரும் ஒரு சேலையைத் தேடிக்கொண்டிருந்தோம்!

அப்போதுதான் காதுக்குள் "டிராஃபிக், டிராஃபிக்".

மஞ்சள் வட்டம். நமக்கு முன்னால், வலப்பக்கம், ஏறக்குறைய நம் உயரம். என்னால் திரையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"உள்ள என்னத்தப் பாக்க? வெளிய பாருலே!"

வெளியே ஒன்றுமே இல்லை, பால் மாதிரி வெளிச்சம்தான். நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினாய். பிறகு ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாய்: "அந்தா நிக்கி."

கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அது நகரவே இல்லை. நின்ற இடத்திலேயே பெரிதாகிக்கொண்டிருந்தது. "நகரல பாத்தியா? அப்ப நம்ம மேலதான் வாரான்" என்றபடி, வலப்பக்கம் நன்றாகச் சாய்த்து அவன் வாலுக்குப் பின்னால் போகிற மாதிரி திருப்பினாய். புள்ளிக்கு இறக்கை முளைத்தது. ஏதோ பயிற்சி விமானம். ஓட்டியவரின் வெள்ளைச் சட்டைக் கைவரை தெரிந்தது. நம் இஞ்சின் சத்தத்தில் அவன் சத்தம் கேட்கவில்லை. நீருக்கடியில் மீன் போவதுபோலக் குறுக்கே போய் வெளுப்பில் கரைந்துவிட்டான். அவன் நம்மைப் பார்க்கவே இல்லை. நீ கையைத் தூக்கி, "போயிட்டு வாலே" என்றாய். சாய்ந்த இறக்கைக்கு நேர் கீழே, அந்தச் சிவப்புச் சேலை.

மறுவாரம் உன் வீட்டுக்குப் போனபோது தெரு முழுக்க அதே பேச்சு. "எம்மகன் என்னயப் பாத்துட்டு, தலைய ஆட்டுன மாதிரி ஏரோப்பிளேன சாச்சுட்டுப் போனான்" என்று உன் அம்மா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். நீ என் காலை மிதித்தாய். நான் வாயை மூடிக்கொண்டு முறுக்கு தின்றேன்.

அம்புட்டு பெரிய வானத்தில் தப்பித்த உன்னை மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. மதுரை ஆஸ்பத்திரியில் தினமும் கதவுக்கு வெளியே நின்று "வாரேன்" என்பேன். உள்ளிருந்து மெலிசாக "வா" வரும். ஒரு சாயங்காலம் வரவில்லை. நான் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தேன். உன் அம்மாதான் வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

அதன்பின் முதல் தடவை அந்தப் பக்கம் பறந்தபோது வானம் கழுவிவிட்டமாதிரி இருந்தது. சேலை இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. மூலைக்கு ஒரு கல்லோடு, அதே மாடியில். பெட்டியைப் பார்த்தேன், வெளியேயும் நன்றாகப் பார்த்தேன், யாரும் இல்லை. "வாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, வலப்பக்கம் சாய்த்தேன். பக்கத்திலிருந்த புது விமானி "என்ன சார்?" என்றார். நான் இறக்கையை நேராக்கினேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாய்க்கிறேன்.

இன்று மத்தியானம் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். வாசலுக்கு வெளியே நின்று இரண்டு தடவை "வாரேன்" என்று கத்தியபிறகுதான் "வா" வந்தது. பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தரமும் நீ சாச்சுட்டுப் போறப்ப, நானும் மாடில நின்னு 'வா'ன்னு சொல்லுதேன்யா. அங்கன கேக்குதா?"

"கேக்கும்மா" என்றேன்.