வெள்ளை பூசிய நகங்கள்

ஹார்லன் க்ரீக், அயோவா
6 அக்டோபர் 2019

அன்புள்ள டெல்வின் புருசாருக்கு,

ஆர்வில் டீக் எழுதுகிறேன். பதினாறு வருடத்துக்கு முன் பேஸ்பால் அணிக்காக உன்னைப் பற்றி அறிக்கை எழுதிய அதே ஆள். உன் அம்மாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். இங்கே மழை விடவில்லை, சோளம் வயலிலேயே நிற்கிறது. எனக்கு இடுப்பு வலி. யாரிடமும் சொல்வதில்லை.

போன வாரம் விளையாட்டு மன்றத்து அம்மாள் ஒருவர் வந்தார். எங்கள் ஊர் அணியில் ஆடிப் பெரிய ஆளானவன் என்று உன் படத்தைச் சுவரில் ஏற்றப் போகிறார்களாம். உன் கையுறைக்குப் பக்கத்தில் என் அறிக்கையையும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். நகல் அவரிடம் இருந்தது, என்னிடமிருக்கும் மூலத்தாளை அனுப்பச் சொன்னார். 'பந்து கையில் நிற்பதில்லை. வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் வேலைக்கு ஆகமாட்டான்' என்று நான் எழுதியதை உனக்கு வாசித்துக் காட்டினாராம். நீ சிரித்துக்கொண்டே, "டீக் சார் எழுதினது சரிதாங்க. அப்ப என் கை அப்படித்தான் இருந்துச்சு. அப்படியே வச்சிடுங்க" என்றாயாம்.

இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தேன். நான் பள்ளியை முடிக்காதவன். ஒரு நிறுத்தக் கடிகாரமும் பென்சிலும் வைத்துக்கொண்டு நானாகவே ஆட்டக்காரர்களை எடைபோடக் கற்றவன். நட்சத்திரத்தைக் கோட்டைவிட்ட கிழவன் என்று பத்திரிகைக்காரர்கள் என்னைக் கேலி செய்யும்போதெல்லாம், "நான் பார்த்த மாதத்தில் அவன் ஒன்பது பந்தைத் தவறவிட்டான், இல்லையென்று சொல்லுங்கள்" என்பேன்.

போன ஞாயிறு மதியம், அந்த வருடம் உன் அணியில் பிட்சராகப் பந்து வீசிய என் மகன் வேட் சாப்பிட வந்தான். நீ சொன்னதை அவனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்பா, அந்த ஒம்பதுல ஏழு நான் போட்டது. எந்தப் பந்து போடணும்னு அவன் காட்டினது ஒரு விரலா ரெண்டு விரலான்னே எனக்குத் தெரியல. கண்ணு மங்கல். அவன் வேகப்பந்து கேட்டுக் காத்திருப்பான், நான் வளைபந்து போடுவேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கண்ணாடி போட்ட பிட்சர் லாரி ஓட்டப் போகலாம்னு இதே மேசையில சொன்னது யாரு?" என்றான். என் மனைவி ஐரிஸ் தலை நிமிராமல், "கிழங்கு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

பயிற்சியாளரிடம் ஒப்புக்கொள்ள அவன் ஒருநாள் கிளம்பினானாம். நீதான், "வாயை மூடிட்டுப் போடுடா. பிடிக்கிறது என் வேலை" என்று தடுத்தாயாம்.

என் தாளை நம்பித்தான் ஓர் இடதுகைப் பிட்சருக்கு மாற்றாக உன்னை டெக்சாஸுக்குக் கொடுத்தார்கள். அங்கேயும் அந்தத் தாளைப் படித்துவிட்டு உன்னை மைதானத்தின் கடைக்கோடியில் நிறுத்தினார்கள். பிறகு ஒஹாயோவுக்கு மாற்றினார்கள், பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர்களுடைய கேட்சர் தோள் எலும்பை உடைத்துக்கொண்டதால்தான் இருபத்தேழு வயதில் உன் இடத்துக்குத் திரும்பினாய். அதன் பிறகு பதினோரு வருடம் உன்னைத் தாண்டிப் பந்து போனது அபூர்வம். நடுவில் போன ஐந்து வருடம் என்னால் போனது.

வேட் மறைத்துவிட்டான், எனக்குத் தெரியாது என்று இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அது பொய்.

உன் நகங்களை நான் பார்த்தேன், டெல்வின். அந்த மாதம் முழுவதும் உனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வேட் போடும் நாட்களில் மட்டும் உன் வலது கை நகங்களில் வெள்ளை பூசியிருந்தது. மற்றவர்கள் போடும்போது வெறும் நகம். கேட்சர் நகத்தில் வெள்ளை பூசினால் பிட்சருக்கு விரல் தெரியவில்லை என்று பொருள். மைதானத்தில் கடலை விற்பவனுக்குக்கூட அது தெரியும். 'நகம் வெள்ளை, வேட் நாட்களில்' என்று சட்டைப்பை நோட்டில் குறித்தேன். பிறகு பக்கத்தைப் புரட்டினேன். அறிக்கையில் அந்த வரி இல்லை. ஐரிஸுக்கு இது தெரியாது. வேட்டிடம் நேற்றுதான் சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையும் அனுப்புங்க" என்றான்.

அதனால் அறிக்கையோடு அந்த நோட்டுப் பக்கத்தையும் மன்றத்துக்கு அனுப்பிவிட்டேன். ஆட்டக்காரர்களுக்கு மதிப்பெண் போடும் எங்கள் கணக்கில் இருபது கடைசி, எண்பது உச்சம். பிடிக்கும் கைக்குப் போட்டிருந்த முப்பதை அடித்து எழுபது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஓட்டத்துக்குப் போட்ட இருபதை மாற்ற மாட்டேன். நீ ஓடி ஒரு பஸ்ஸைக்கூடப் பிடித்திருக்க மாட்டாய்.

அந்த அம்மாள் உன்னை மறுபடி கூப்பிடுவார். கிழவனைக் காப்பாற்ற ஏதாவது சொல்ல உனக்கு வாய் வரும். சொல்லாதே. வேட் போட்டதையெல்லாம் உன் மேல் வாங்கிக்கொண்டாய். நான் போட்டதைப் பிடிக்காதே, தம்பி. கீழே விழட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.

உன் அம்மா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஆர்வில் டீக்