புதன் பிற்பகல் வேண்டாம் என்று பேசிய பெண்

ஜனவரி 11, புதன்

குடை இருந்தும் நனைந்துதான் போய்ச் சேர்ந்தேன். இந்தக் கடற்கரை ஊரில் மழை பக்கவாட்டில் பெய்யும்.

ஓய்வு பெற்ற பிறகும் புதன் மதியம் ஆனால் கால் தானாகப் பள்ளிப் பக்கம் திரும்புகிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடப் பிள்ளைகளுக்கு, நாங்கள் ஆறாம் படிவம் என்று சொல்கிற அந்தப் பதினாறு பதினேழு வயதுக்காரர்களுக்கு, புதன் பிற்பகல் பாடம் கிடையாது. கீழே பித்தளை வாத்தியக் குழு ஊதித் தள்ளும். அரங்கில் நாடக ஒத்திகை. சிலர் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு வருவார்கள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் என் விவாத மன்றம். சம்பளம் கிடையாது. பிஸ்கட்டும் நான்தான் வாங்கிப் போகிறேன்.

இன்று கெசியா மாசப்புக்கும் ரோவன் ஃபியரனுக்கும் பூவா தலையா போட்டேன். தலைப்பு: சிப்ஸின், அதாவது சூடான உருளைக்கிழங்கு வறுவலின், மேல் கிரேவி ஊற்றக் கூடாது. 'ஆமாம், கூடாது' என்று பேசும் பக்கம் கெசியாவுக்கு விழுந்தது.

"மிஸ், எங்கப்பா மீனும் சிப்ஸும் விக்கற கடை வச்சிருக்கார். இதைக் கேட்டார்னா என்னைத் தெருவுல நிறுத்திடுவார்."

"நிறுத்தட்டும். அங்கேயும் நின்னு பேசு."

ரோவன் வழக்கம்போல, "நம்பாததை எப்படி மிஸ் பேசறது?" என்றான். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். ஒவ்வொரு வருடமும் அதே உதாரணம்தான் சொல்கிறேன். அடுத்தவங்க மழைக்கோட்டை ஒரு தடவை மாட்டிப் பாரு, எந்தப் பையில ஓட்டை இருக்குன்னு அப்பதான் தெரியும். தெரிஞ்சதும் கழட்டி ஆணியில மாட்டிடு.

கெசியா கிரேவியைக் கிழித்துத் தொங்கவிட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

பிப்ரவரி 8, புதன்

தலைமை ஆசிரியர் பென்ஹேல் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டார். செப்டம்பரில்தான் வந்தவர். என்னை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பரவாயில்லை. மார்ச்சில் ஒரு பொது விவாதம் வைக்கலாமே, நிர்வாகக் குழுவையும் பெற்றோரையும் அழைக்கலாமே என்றார். "பிள்ளைகளோட குரலை நாம கேக்கணும், மியூரியல்."

எனக்குச் சந்தோஷம். இத்தனை வருடத்தில் எங்கள் மன்றத்தை எந்தத் தலைமை ஆசிரியரும் எட்டிப் பார்த்ததில்லை.

தலைப்பை நானே தேர்ந்தெடுத்தேன். 'ஆறாம் படிவத்துக்குப் புதன் பிற்பகல் தேவையில்லை.' பிள்ளைகளுக்கு ரத்தம் கொதிக்கிற தலைப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சந்திர மண்டலத்தில் குடியேறலாமா என்றால் யார் கொதிப்பார்கள்?

சாப்பிடும்போது என் கணவர் டெரிக்கிடம் சொன்னேன். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆட்டை வெட்டலாமா வேண்டாமான்னு ஒரு கூட்டம். அதுக்குக் கசாப்புக் கடைக்காரர் தலைமை. பிரமாதம்."

"அவர் நல்ல மனுஷன்தாங்க."

"கசாப்புக்காரங்க எல்லாருமே நல்ல மனுஷங்கதான்."

இவருக்கு எல்லாவற்றிலும் கேலி.

மார்ச் 1, புதன்

பூவா தலையா போட்டாயிற்று. தேவையில்லை என்று பேசுவது கெசியா. தேவை என்று பேசுவது ரோவன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. வாரத்தில் மற்ற நாளெல்லாம் பள்ளி விட்டதும் கடையில் மீனை மாவில் தோய்க்கிறாள். புதன் ஒரு நாள்தான் அப்பா விடுகிறார். முதல் ஒரு மணி நேரம் ரோவனின் பித்தளைக் குழுவில் கார்னெட் ஊதிவிட்டு, உதடு சிவக்க என் வகுப்புக்கு ஓடி வருவாள்.

"மிஸ், மாத்திக்கலாமா? நானும் அவனும்?"

"காசு விழுந்தது விழுந்ததுதான்."

"அப்போ முழு மூச்சா பேசணுமா, சும்மா ஒப்புக்கா?"

"முழு மூச்சா. ஒப்புக்குப் பேசினா எதிராளிக்கு அவமரியாதை."

அப்படித்தான் சொன்னேன். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 15, புதன்

எங்கே தொடங்குவது! அரங்கம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் நிர்வாகக் குழு, நடுவில் பென்ஹேல்.

ரோவன் முதலில் பேசினான். பாவம், காகிதத்தை விட்டுக் கண்ணையே எடுக்கவில்லை. இசை மனதை விரிவாக்குகிறது, நாடகம் தன்னம்பிக்கை தருகிறது என்று எல்லோரும் சொல்வதையே சொன்னான். தான் நம்புவதைப் பேசுகிறோம், அதனால் அதுவே போதும் என்று நினைத்துவிட்டான் பையன்.

கெசியா வெறும் கையோடு வந்து நின்றாள்.

"புதன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்த வாசல்ல வந்து நின்னு பாருங்க. யாரைக் கூட்டிட்டுப் போக கார் வருதோ, அவங்கதான் நாடகத்துல இருக்காங்க. பள்ளிக்கூட பஸ் மூணு நாப்பதுக்கே போயிடுது. அதுல போறவங்களும் எங்களை மாதிரிதான். அவங்களுக்குப் பாட்டு வராதுன்னு யார் சொன்னது? பல்கலைக்கழக விண்ணப்பத்துல 'நாடகம் நடித்தேன், படகு ஓட்டினேன்'னு எழுத ஒரு பாதிக்கு இடம் இருக்கு. இன்னொரு பாதிக்கு ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் கிடைக்காததை எல்லாரோட நேரத்துலயும் எதுக்கு நடத்தணும்?"

அரங்கில் கைதட்டல். நடுவர்கள் மூவரும் அவள் பக்கம். நான்தான் அதிகம் தட்டினேன், உள்ளங்கை இன்னும் எரிகிறது.

ரோவன் மேடையிலேயே அவள் தோளில் குத்தினான். "பேய் மாதிரி பேசறடீ." அவள் சிரித்தாள். அவ்வளவு அழகாகச் சிரித்தாள்.

மார்ச் 16, வியாழன்

ஆசிரியராக ஒருவருக்கு ஆயுளில் இப்படி ஒரு நாள் கிடைத்தால் போதும்.

மார்ச் 24, வெள்ளி

பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து அறிக்கை போயிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுவந்து காட்டினான். வருகிற செப்டம்பர் முதல் புதன் பிற்பகல் செயல்பாடுகள் நிறுத்தப்படும். அந்த நேரம் மேற்பார்வையுடன் கூடிய அமைதிப் படிப்புக்கு ஒதுக்கப்படும். 'எங்கள் மாணவர்களே மேடையேறி, மிகச் சிறப்பாக வாதிட்டு, இதைக் கேட்டுக்கொண்டார்கள்.' கீழே கெசியாவின் படம். வாய் திறந்து, கை உயர்த்தி.

மூன்று முறை படித்தேன்.

அவர்களா கேட்டார்கள்? நான் சுண்டின ஐம்பது காசு கேட்டது! தலை விழுந்தது, அதனால் அவள் பேசினாள். பூ விழுந்திருந்தால் ரோவன் இதைப் பேசியிருப்பான், படமும் அவனுடையதாக இருந்திருக்கும்— இல்லை, இருந்திருக்காது. அவன் பேச்சுக்கு யார் மயங்கியிருப்பார்கள்.

டெரிக் தேநீர் போட்டுக் கொடுத்தார். அவர் கேலி செய்திருந்தால் தேவலாம்.

மார்ச் 27, திங்கள்

பென்ஹேலைப் பார்த்தேன். நாற்காலி இழுத்துப் போட்டார், காப்பி வேண்டுமா என்றார். எல்லாம் நல்லபடியாகத்தான்.

"சார், அது விவாதம். பக்கம் நாங்க காசு சுண்டிப் பிரிச்சுக் குடுக்கறது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா அவ சொன்னது பொய்யா, மியூரியல்? பஸ் பிள்ளைகள் பத்தி?"

"பொய் இல்லை."

"அப்புறம்?"

"அது உண்மைன்னா அஞ்சு மணிக்கு இன்னொரு பஸ் விடுங்க."

சிரித்தார். "பஸ்ஸுக்கு எங்க போறது? நாலு பயிற்சியாளருக்குக் கொடுக்கறதே பாரமா இருக்கு." பிறகு எழுந்து நின்றார். "உங்க பயிற்சி அபாரம். அதை மனசாரச் சொல்றேன்."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். வரும் வழியெல்லாம் எனக்கு வாயில் வரக்கூடாத வார்த்தைகள் வந்தன. நாற்பது வருடம் பிள்ளைகளைத் திட்டாத வாய்.

மார்ச் 29, புதன்

மன்றத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. கெசியாவும் இல்லை.

ஆறாம் படிவத்தாரின் ஓய்வறையை எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது: 'நன்றி, கெசியா.' சுற்றிலும் பூப்படம். ரொட்டி வாட்டும் மெஷின் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இதை யார் எழுதினது?"

"தெரியாது மிஸ். நன்றின்னுதானே போட்டிருக்கு."

நானே அழித்தேன். நன்றாக அழியவில்லை.

பித்தளைக் குழுவும் அவளை ஒத்திகைக்கு வரவேண்டாம் என்றுவிட்டதாம். அவர்கள் வாசிக்கப்போவதே ஜூலை வரைதான். அதற்குள் ஒருத்தியை வெளியே தள்ளியாக வேண்டும்.

இவர்கள் எல்லோரும் விவாதம் என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைகள். பலரை நானே பேசவைத்திருக்கிறேன். கோட்டைக் கழற்றி மாட்டிவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனே— ஊரே சேர்ந்து ஒருத்திக்குப் பொத்தானைப் பூட்டிவிடும் என்று எந்த வருடமாவது சொன்னேனா?

ஏப்ரல் 19, புதன்

ஈஸ்டர் விடுமுறை முடிந்த முதல் புதன். கெசியா இன்றும் மன்றத்துக்கு வரவில்லை. நானே கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் வலைத்தொப்பியோடு நின்றாள்.

"என்ன மிஸ் வேணும்?"

"ஒரு மீன், ஒரு சிப்ஸ். புதன்ல அப்பா கடைக்கு வரச்சொல்ல மாட்டாரே?"

"நானே வந்துட்டேன். சும்மா வீட்ல இருந்து என்ன பண்றது." வினிகர் தெளித்தாள். "ரோவன் எங்கூடப் பேசறதில்ல மிஸ். அவன் தங்கச்சி செப்டம்பர்ல ஆறாம் படிவத்துக்கு வர்றா. ட்ரம்போன் வாசிக்கணும்னு இருந்தாளாம்."

"அவனுக்குத் தெரியாதா, நீ—"

"தெரியும். தெரிஞ்சேதான். 'அவ்வளவு நல்லாப் பேசியிருக்க வேண்டாமே'ன்னான்."

உள்ளேயிருந்து அவள் அப்பா மாசப் குரல் கொடுத்தார். "டீச்சரம்மாகிட்ட காசு வாங்காத! நம்ம பொண்ணைப் பேப்பர்ல போட வச்சவங்க!" அவர் அந்த அறிக்கையை வெட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறார். கண்ணாடிச் சட்டத்தில். மீன் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில்.

அவள் அதைப் பார்க்காமல் என் பொட்டலத்தை மடித்தாள். பள்ளியில் நடப்பதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

"மே மாசம் நிர்வாகக் குழு கூடுதாமே மிஸ். நான் போய்ப் பேசட்டுமா? நிஜமா நான் நினைக்கறதை?"

"பேசு கண்ணு. நாளைக்கே வா, தயார் பண்ணலாம்."

"எதுக்கு? இது உண்மைதானே. உண்மைக்கு எதுக்கு ஒத்திகை?"

வற்புறுத்தியிருக்கலாம். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 16, செவ்வாய்

கெசியாவுக்குப் பேச அனுமதி கொடுத்தார்கள். நூலக அறையில் நீள மேசை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பென்ஹேல் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"எனக்கு... புதன்னா ரொம்பப் பிடிக்கும்," என்றாள். நின்றாள். "நான் அன்னைக்குப் பேசினது என்னோடது இல்ல. அது, அது எனக்கு விழுந்த பக்கம். புதன்ல நான் கார்னெட் வாசிப்பேன். வாசிக்கும்போது..." என்ன சொல்ல வந்தாளோ. கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. "எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான். தயவுசெய்து எடுத்துடாதீங்க."

அழுதுவிட்டாள்.

குழுத் தலைவி நல்ல அம்மாள்தான், கைக்குட்டை நீட்டினார். "மார்ச்ல பேசின பொண்ணு எங்கேம்மா போயிட்டா? அவ எங்களை அப்படியே நம்ப வச்சுட்டாளே. இனிமே அதை எப்படி மாத்திக்கறது?" சிலர் சிரித்தார்கள். கெடுதலாகச் சிரிக்கவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

நான் எழுந்தேன். பார்வையாளர்கள் பேச அனுமதி இல்லை என்றார்கள். நான் பார்வையாளர்.

அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். வண்டி நிறுத்தும் இடம்.

மே 17, புதன்

மன்றத்துக்கு யாரும் வரவில்லை. பிஸ்கட்டைப் பிரிக்காமல் திரும்பக் கொண்டுவந்தேன்.

ஜூலை 6, வியாழன்

பென்ஹேல் போன் செய்தார். செப்டம்பரில் அமைதிப் படிப்பு நேரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். "பிள்ளைகளுக்கு உங்க மேல மரியாதை உண்டு, மியூரியல். இல்லேன்னா ஏதோ ஏஜென்சி ஆளைத்தான் போடணும்." மணிக்கணக்கில் சம்பளம் உண்டாம். இலவசமாகப் பேசச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, பேசவிடாமல் பார்த்துக்கொள்ளக் கூலி.

முடியாது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அரை மணி கழித்து நானே கூப்பிட்டுச் சரி என்றேன். ஏன்? ஏஜென்சி ஆள் அவர்கள் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ள மாட்டான் என்பதால். அது மட்டுமா? புதன்கிழமை வீட்டில் இருந்து நான் என்ன செய்வது?

டெரிக் கேட்டுக்கொண்டிருந்தார். "போய்ட்டு வா," என்றார்.

செப்டம்பர் 13, புதன்

முதல் அமைதிப் படிப்பு. அரங்கில் பரீட்சைக்குப் போடுவதுபோல் ஒற்றை மேசைகள். தலைகள் குனிந்திருந்தன. ரோவன் முன் பக்கம். அவனுக்குப் பின்னால் அதே மூக்கோடு ஒரு பெண், அவன் தங்கைதான். கெசியா கடைசி வரிசையில், கதவருகே.

கீழே இசையறை பூட்டியிருந்தது. அரங்கில் இவ்வளவு நேரம் இவ்வளவு பேர் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இரண்டரை மணி வாக்கில் முன்வரிசையில் இரண்டு பெண்கள் எதற்கோ கிசுகிசுவென்று மோதிக்கொண்டார்கள். காது கொடுத்தேன். மரண தண்டனை பற்றி. உயரமானவள் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். மற்றவளிடம் பதில் இருந்தது, ஆனால் அதைப் பின்பக்கமிருந்து தொடங்கினாள். முன்னால் எடு, முன்னால் எடு என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கதவுக் கண்ணாடியில் பென்ஹேலின் முகம் தெரிந்தது.

"பேச்சு வேண்டாம்," என்றேன்.

இந்தக் கல்வியாண்டில் பிள்ளைகளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை. பெண்கள் குனிந்துகொண்டார்கள். முகம் கண்ணாடியிலிருந்து போய்விட்டது.

கடைசி வரிசையில் கெசியா கையை உயர்த்தினாள். வேகமாகப் போனேன். ஏப்ரலுக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

"மிஸ், பாத்ரூம் போகலாமா?"

"போ கண்ணு."

புத்தகங்களைப் பையில் போட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள். கதவு அடித்துச் சாத்திக்கொள்ளும் கதவு. யாரும் திரும்பிப் பார்க்காதபடி நானே பிடித்து மெதுவாக மூடினேன்.