பௌர்ணமி அன்று பார்த்த மனை

பிப்ரவரி 10, திங்கள்

பணம் அக்கவுண்டில் ஏறிவிட்டது. எட்டு லட்சம். கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் கடலைக்காட்டை விற்றதில் என் பங்கு. இன்று எத்தனை தடவை பேலன்ஸ் பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊரார் வருமானச் சான்றிதழுக்கெல்லாம் விண்ணப்பம் அடித்துக்கொண்டிருக்கிறேன், மனசு மட்டும் வானத்தில்.

ஆளுக்கொரு யோசனை. அண்ணி, "நகையா வாங்கிடு, போட்டுக்கவும் ஆச்சு, முதலுக்கும் ஆச்சு" என்றாள். செய்கூலி சேதாரம் என்று கடைக்காரன் பிடித்துக்கொள்வதை அவள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் வேணு, ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், அதற்கு மேல். "பேங்க்ல போடு. ஜூன்ல கீர்த்தனாவை காலேஜ்ல சேக்கணும்" என்றார். பேங்கில் போட்டால் பணம் தூங்கும். என் பணம் ஓட வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய். பௌர்ணமி

மனை பார்த்தாகிவிட்டது! சந்தோஷத்தில் எழுத்து கோணல் மாணலாகப் போகிறது.

அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே. சுரேஷ்குமார் என்பவர் மனை போட்டு விற்கிறார். பௌர்ணமி அன்றுதான் காட்டுவாராம். பொழுது சாயும்போது போனோம். நுழைவில் வளைவு, சீரியல் லைட், பக்கத்திலேயே அவர் செலவில் அன்னதானம். ஜனம் என்றால் ஜனம். ஆந்திராக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், குழந்தை குட்டியோடு. "மேடம், இந்தக் கூட்டத்துக்கு ஒரு டீக்கடை போட்டா என்னா ஆகும், நீங்களே சொல்லுங்க" என்றார். நான் சொல்லவே வேண்டாம், கண்ணால் பார்க்கிறேனே.

ஒன்றரை சென்ட், ஏழரை லட்சம். போன வருஷம் ஆறு லட்சம்தானாம். அப்படியானால் ஜூனில்? இருக்கிற விலைக்கு விற்றால்கூட மகள் கீர்த்தனா ஃபீஸ் போக மிச்சம் நிற்கும். மண் விலை என்றைக்குக் குறைந்திருக்கிறது?

வேணு வளைவுக்குக் கீழே நின்று புளியோதரை சாப்பிட்டார். 

பிப்ரவரி 13, வியாழன்

எதிர்வீட்டு வஜீதாக்காவிடம் சொன்னேன். அவர்களுக்கும் அங்கேயே மனை இருக்கிறதாம். அவர் வீட்டுக்காரர் ரசாக் பாய் மூன்று வருஷம் முன்னால் வாங்கிப் போட்டது. இத்தனை நாள் வாயே திறக்கவில்லை பாருங்கள். "நல்ல எடம்தான் தமிழு. நீ வாங்கி வீடு கட்டு" என்றார். பாத்திரக்கடை வைத்து நாலு காசு பார்த்த மனுஷன் வாங்கியிருக்கிறார் என்றால் வேறென்ன அத்தாட்சி வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டேன். மார்ச் 14 வெள்ளிக்கிழமை பதிவு. அதுவும் பௌர்ணமி. அண்ணாமலையாரே நாள் பார்த்துக் கொடுத்த மாதிரி.

பக்கத்து சீட் பூஜாவுக்கும் ஆசை வந்துவிட்டது. போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனது, கையில் சீர்ப்பணம் இருக்கிறது. "அக்கா, நீங்க வாங்கினா நானும்" என்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

டீக்கடையா, கார் பார்க்கிங்கா? பார்க்கிங்குக்கு பால், சர்க்கரை வேண்டாம். வேணுவிடம் கணக்கைக் காட்டினேன். "மாசத்துல மிச்ச நாளு இன்னா பண்ணுவ?" என்றார். எதிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்காவிட்டால் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது.

மார்ச் 5, புதன்

எப்படி எழுதுவது.

மையத்தில் சர்வர் படுத்துவிட்டது. மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். சரி, டீக்கடைக்கு அளவு எடுத்துக்கொண்டு வரலாம் என்று டேப்போடு ஸ்கூட்டியில் போனேன்.

ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. வளைவு இருந்தது, லைட் இல்லை. கடைகள் எல்லாம் தார்ப்பாய் போட்டுக் கட்டிக் கிடந்தன. ஒரு அம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். கடையெல்லாம் எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். "பௌர்ணமிக்குத்தான்மா. நானும் அன்னிக்கு டீ விப்பேன். அதுவும் ரோட்டு மேலயே. உள்ள எவன் வரான், சோறு போட்டாத்தான் வருவான்."

சோறு போட்டால்தான். அய்யோ, அந்த அன்னதானக் கூட்டம். நான் என்ன நினைத்தேன்? அத்தனை பேரும் என் மனையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள் என்றா?

உள்ளே நடந்தேன். வீடு ஒன்று கூட இல்லை, கல்லும் முள்ளும்தான். ஒரு எல்லைக்கல்லில் சுண்ணாம்பில் 'மனை விற்பனைக்கு' என்று எழுதி ஒரு நம்பர். விலை விசாரிக்கலாம் என்று அடித்தேன். போனில் பெயர் வந்தது. ரசாக் பாய்.

அவருக்கும் குரல் இறங்கிவிட்டது. ரெண்டு வருஷமாக விற்கப் பார்க்கிறாராம். "ஆறுக்கு வாங்கினேன்மா. நாலரை சொல்றேன், கேக்க ஆளில்ல. புதுசா வாங்க வரவனை சுரேஷ்குமார் தன் மனைக்கே கூட்டினு போயிடறார்."

ஏழரை லட்சம் என்று சொன்னது யார்? விற்கிறவர். வாங்குகிறவன் ஒருத்தனாவது அந்த விலை சொன்னானா? ஜூனில் இதை யார் தலையில் கட்டி என் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியிருப்பேன்?  மூணு வாரமா எல்லாரையும் கேட்டேனே, விக்கணும்னா யாரு வாங்குவாங்கன்னு ஒருத்தரைக் கேக்கலியே.

மார்ச் 6, வியாழன்

வஜீதாக்காவைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கதவைத் திறந்ததுமே அழுதுவிட்டார். "நாலு பேர் வீடு கட்டினா எங்களுதும் வித்துப் போயிடும்னு நெனச்சேன் தமிழு. உன்னைப் பத்தி யோசிக்கல." கோபம் இருக்கிறது. ஆனாலும் டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

சுரேஷ்குமாரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன். "அது வழக்கமில்லீங்களே மேடம்" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "ஒரு பார்ட்டியைக் கூட்டினு வாங்க. உங்க அம்பதாயிரம் அப்படியே கைக்கு வந்துடும்."

பார்ட்டி. பூஜா.

ஐம்பதாயிரம், என் நான்கு மாதச் சம்பளம். அவளாக ஆசைப்பட்டுத்தானே கேட்டாள்? நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், கூடப் போய் நின்றாலே போதும்.

வேணுவிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால், "ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு அந்தப் பொண்ணு யாரைக் கூட்டினு போவும்?" என்றார். 

மார்ச் 8, சனி

பூஜாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அந்த ஐம்பதாயிரம் விஷயத்தையும் சேர்த்து. அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. "நீங்க மட்டும் வாங்கலாம், நான் வாங்கினா பொறுக்கலியாக்கா?" என்றாள். திரும்பி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். பணமும் போய் இவளும் போனாளே என்று இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பேங்க்! இந்த வயதில் ஒரு பேங்க் ஆபீசரைத் திணறடிப்பேன் என்று யார் கண்டது.

டெபாசிட் போட வேண்டும் என்றேன். ஒருத்தர் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, "டெபாசிட் மாதிரியேதான் மேடம், கூடவே இன்சூரன்ஸும்" என்று வழவழ காகிதத்தை நீட்டினார். பழைய தமிழ்செல்வி கையெழுத்துப் போட்டிருப்பாள். நான் கேட்டேன்: "ஜூன்ல எனக்குப் பணம் வேணும்னா கைக்கு எவ்வளவு வரும்?" மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் வருஷம் எடுத்தால் முக்கால்வாசி போய்விடுமாம். அதையே டெபாசிட்டில் கேட்டேன். வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். தூங்குகிற பணம் என்று நான் கேலி செய்தது, தட்டினால் எழுந்து வருகிற பணம்.

ஏழரை லட்சத்தில் ஃபீஸுக்கு ரெண்டு லட்சம் தனி. ஆத்திர அவசரத்துக்கு ஒன்றரை தனி. மிச்சம் வேறொரு டெபாசிட். வீட்டுக்கு நடந்தே வந்தேன், சிரித்துக்கொண்டே.

மார்ச் 12, புதன்

பூஜா மத்தியானம் லீவு போட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. நாலு மணிக்கு அவளிடமிருந்து போட்டோ வந்தது, வெறும் ரோடு. கீழே, "சாரிக்கா."

ஏப்ரல் 9, புதன்

வேணு பேரில் டெர்ம் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தேன். "நான் சாவலைன்னா கட்டின காசு திரும்பி வராதா? அப்போ நஷ்டம்தானே?" என்று கேட்டார்.

"நஷ்டமாவே போவட்டும்" என்றேன். அவர் ராத்திரிக்குப் பூ வாங்கிவந்தார்.

மே 6, செவ்வாய்

போன மாசம் மியூச்சுவல் ஃபண்டில் மாசம் ஆயிரம் போட ஆரம்பித்தேன், அது நாற்பது ரூபாய் இறங்கியிருக்கிறது. இதையும் ஒருகாலத்தில் சூதாட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாத பணம் என்பதால் பரவாயில்லை. வேணு மட்டும் தினம் காலையில் "இன்னிக்கு எவ்ளோ போச்சு?" என்று விசாரிக்கிறார்.

ஜூன் 18, புதன்

கீர்த்தனா பிசியோதெரபி சேர்ந்துவிட்டாள்!

விடியற்காலையிலேயே கிளம்பிப் போனோம். ஃபீஸ் கட்டுகிற இடத்தில் எனக்கு முன்னால் என் வயதுள்ள ஒரு அம்மா. வரிசையை விட்டு விலகிப் போய் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இன்னிக்குக் கடைசி நாளுங்க. மனையைப் பாதி ரேட்டுக்கே முடிச்சுக்குடுங்க. அட்வான்ஸாவது வாங்கி அனுப்புங்க." அந்தப்பக்கம் என்ன சொன்னார்களோ, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் அவர் மகள், சான்றிதழ் பையை மடியில் வைத்துக்கொண்டு.

என் முறை வந்தது, கட்டினேன்.  கீர்த்தனா ஐடி கார்டு போட்டோவுக்கு ஓடினாள்.

நான் போய் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க கட்டிட்டீங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன், கையிலிருந்த ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.