காட்டேரிக்கும் சோறு

பூர்ணிமா,

செராமிக் கம்பெனிக்குக் கெளம்பிட்டேன். பூண்டுக் குழம்பு இருக்குது. உன் கதையில வர்ற ரத்தக்காட்டேரிக்குப் பூண்டு ஆகாது, நீயே சாப்புடு. சாவிய பக்கத்து வூட்டு டெய்சி அக்காகிட்ட குடுத்துட்டுப் போ.

நேத்து நான் புடுங்கி வெச்ச உன் கதை நோட்டு அரிசி டிரம்மு மேல இருக்குது. முழுசாப் படிச்சிட்டேன். 'உள்ள வா'ன்னு யாராவது கூப்புட்டாத்தான் அந்தக் காட்டேரிப் பையனால வூட்டுக்குள்ள வர முடியுமாமே? நம்ம வூட்ல சிலிண்டர் போட வர்றவரயே 'வாங்க, சாப்ட்டீங்களா'ன்னுதான கேப்போம்? பாவம், மூணு அத்தியாயமா அந்தப் பையன மழையில நிக்க வெச்சிருக்க!

பரீட்சை முடிஞ்சதும் மீதிய எழுது.

அம்மா

இன்னொன்னு: கதையில அவன் வாசல்ல நிக்கிற வூட்டுப் பொண்ணோட அம்மாவ முதல் பக்கத்துலயே சாகடிச்சிட்ட. நான் எப்பவும் திட்டுறதுக்காகவா? பொழைக்க வெச்சிடு. அவன உள்ள கூப்புட ஆள் வேணாமா?