ஆறாவது கூட்டத்தின் பேச்சாளர்

ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய பேச்சாளர் அவர்களுக்கு,

வணக்கம். நமது வரலாற்றுக் கழகம் இந்தப் பருவத்தில் நடத்தும் ஆறு இலவசப் பொதுக்கூட்டங்களில் கடைசிக் கூட்டத்தில், ஜூன் 14 மாலை நான்கு மணிக்கு, 'ஆற்றுப் பாலம்' என்ற தலைப்பில் பேசத் தாங்கள் இசைந்திருந்தீர்கள். வருகையை உறுதிசெய்து ஒரு வரி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு.: போனை எடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

---

ஏப்ரல் 11

செயலாளர் அம்மாவுக்கு,

கட்டிய மனைவியிடமிருந்து கழக முத்திரை குத்திய கடிதம் வாங்கிய புருஷன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அண்ணி உறையைப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுல இருந்தா தம்பி?" என்று பதறிப்போனார்கள்.

நான் சம்மதித்தது ஜனவரியில். அப்போது நாம் ஒரே வீட்டில் இருந்தோம். பிப்ரவரியில் உன் தங்கை வீட்டில், எல்லோர் முன்பும், "இவருக்கு என்ன, கிடங்குல ஆணி எண்ணுற உத்தியோகம்" என்று சொல்லிச் சிரித்தாய். ஆணி எண்ணுகிறவனுக்குப் பாலத்தைப் பற்றி என்ன தெரியும்? வேறு ஆளைப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளியலறைக் குழாயைக் கொஞ்சம் அழுத்தி மூடு, சொட்டாது.

---

ஏப்ரல் 19

உங்களுக்கு,

வேறு ஆளைப் பார்க்கலாம் என்றுதான் தலைவரிடம் போனேன். நோட்டீஸில் உங்கள் பெயர் வந்துவிட்டதாம்.

"அச்சுல வந்துட்டா அது ஆவணம்மா. ஆவணத்தைத் திருத்தக் கூடாது."

"ஐயா, அவர் வரமாட்டேங்கிறார்."

"வராட்டி, பேச்சாளர் வரலைன்னு குறிப்பேட்டுல எழுதுவோம். அதுவும் ஆவணம்தான்."

இந்த மனிதரோடு நான் பத்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். இரண்டாவது கூட்டத்தில் பழைய கிணறுகளைப் பற்றிப் பேசியவர் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசியும் முதல் கிணற்றை விட்டு ஏறவில்லை. நாற்காலி போட்டதும் நான், மடக்கியதும் நான்.

தங்கை வீட்டில் சொன்னது தப்புதான். ஆனால் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு, பாலம் பார்க்கிற வேலையை விட்டுவிட்டுக் கிடங்கில் போய் உட்கார்ந்தால் யாருக்குத்தான் ஆற்றாமை இருக்காது? அதற்காக இரண்டு மாதம் அண்ணன் வீட்டிலா?

குழாய் இன்னும் சொட்டுகிறது.

---

மே 2

வருகிறேன். தலைவருக்காக. கரும்பலகை ஒன்று வேண்டும். பேசி முடித்ததும் ஏழு மணிப் பேருந்தில் திரும்பிவிடுவேன், வீட்டுக்கு வர நேரமிருக்காது. அறிமுகம் செய்யும்போது 'செயலாளரின் கணவர்' என்று ஆரம்பிக்காதே. பொறியாளர் என்றால் போதும்.

முட்டிக்கொண்டதாக உனக்கு யார் சொன்னார்கள்?

---

ஜூன் 16

உங்களுக்கு,

முப்பத்தேழு பேர். நான் எண்ணினேன். பாதியில் மின்விசிறி நின்ற பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நீங்கள் கரும்பலகையில் தூண் தூணாக வரைந்தபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி, "வாத்தியாரா இவரு?" என்று என்னிடமே கேட்டாள்.

அப்புறம்தான் அந்த ஓய்வுபெற்ற தபால்காரர் எழுந்தார். எந்தக் கூட்டமானாலும் அவருக்கு ஒரே கேள்விதான். முந்நூறு வருஷத்துக் கிணற்றைப் பற்றிப் பேசியவரிடமும் அதையேதான் கேட்டார்: "அதெல்லாம் சரி, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

"நான் அந்தப் பாலத்துக்கு அடியிலதான் இருந்தேன். அஞ்சு வருஷத்துக்கு முன்னால, மூணாவது தூண்ல விரிசல். லாரி போகலாம்னு கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போடல. மறுவாரம் கிடங்குக்கு மாத்திட்டாங்க. அரை வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் வந்து பார்த்துட்டு லாரியை நிறுத்தினார்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். 'பேச்சாளர் தமது அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார்.' அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

இருபது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, இதை நான் முன்பின் தெரியாத முப்பத்தேழு பேரோடு உட்கார்ந்தா கேட்கவேண்டும்? கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நீங்கள் பேருந்துக்கு ஓடிவிட்டீர்கள். என்ன மனிதர் நீங்கள்!

---

ஜூன் 24

தபால்காரர் கேட்டார், சொன்னேன். நீ கேட்கவில்லை.

மாற்றல் உத்தரவையும் நான் அவர்களுக்கு எழுதிய பதிலையும் சேர்த்து, நீ பார்ப்பாய் என்று சாப்பாட்டு மேசையில் மூன்று நாள் வைத்திருந்தேன். அப்போது உனக்குக் கழகத்தில் பழைய பத்திரக் கண்காட்சி. பத்திரக் கட்டுகளைக் கொண்டுவந்து அதன்மேல் அடுக்கினாய். நான்காம் நாள் உருவி எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

---

ஜூலை 1

உங்களுக்கு,

பெட்டியைத் திறந்து பார்த்தேன். உத்தரவின் மேல் என் பத்திரக் கட்டின் நூல் அழுந்திய தடம் இருக்கிறது. உங்கள் பதில் நான்கே வரி. இரண்டு முறை படித்தேன். அப்புறம் படிக்க முடியவில்லை.

போன வருஷம், பாலம் வருமுன் ஓடிய படகில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்க, படகோட்டியின் மகன் வீட்டுக்கு நான்கு தடவை நடந்தேன். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம், "ஏன் மாத்தினாங்க?" என்று ஒரு தடவை கேட்கவில்லை. நானே ஒரு காரணத்தை முடிவு கட்டிக்கொண்டு, அதை வைத்தே ஐந்து வருஷம் உங்களைக் குத்தினேன். வெட்கமாக இருக்கிறது.

அதற்காக எல்லாப் பழியும் என் தலையில் என்று நினைக்காதீர்கள். மேசையில் காகிதத்தை வைத்துவிட்டு மூன்று நாள் காவல் காக்கத் தெரிந்தவருக்கு, "இதைப் படி" என்று சொல்ல வாயில்லையா?

ஞாயிறு அடுத்த பருவத்துக்கான செயற்குழு. வரமாட்டேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். "செயலாளர் இல்லாம கூட்டமா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

அன்று காலைப் பேருந்தில் அங்கே வருகிறேன். அண்ணியிடம் சொல்லிவையுங்கள். வந்ததும் நான் பேசப்போவதில்லை. நீங்கள்தான் சொல்லவேண்டும், முதலிலிருந்து. அதற்குள் நீங்களும் மனம் இளகி அதே காலையில் இங்கே கிளம்பி வந்து, இரண்டு பேருந்தும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்து போகிற கூத்தெல்லாம் வேண்டாம். உங்களைச் சொல்வதற்கில்லை, செய்வீர்கள்.

ஒரு நாளாவது சொன்ன பேச்சைக் கேட்டு, அங்கேயே இருங்கள்.

உங்கள்
மனைவி