ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

வெள்ளிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் வாண்டுவும் நலம். நீங்கள் நலமா என்று அடுத்த வரியில் கேட்பது என் வழக்கம். இந்த முறை கேட்கப்போவதில்லை. நேற்று போனில் உங்கள் குரலைக் கேட்டேனே, நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் கோபப்பட ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடம் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. உடனே நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்று தொடங்கிவிடுகிறீர்கள். எதற்குச் சரி என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தாளில் எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. தயவுசெய்து உட்கார்ந்து, கடைசி வரை படியுங்கள்.

முதலில் இந்த வீட்டுச் செய்தி. உங்கள் அண்ணன் கால்வலி பரவாயில்லை. உங்கள் அண்ணி மாடிக்கு வந்து, வாண்டுவின் கட்டிலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "கொழந்த வளந்துட்டாளே, இந்த ரூம்ல இன்னும் எத்தன நாளைக்கு மடக்கிப் படுப்பா?" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறையைத் தினமும் ஒரு தடவை சொல்கிறார். வாண்டு புதுப் பள்ளியில் சேர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் போயாக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் போவது எங்கே என்பதுதான் இப்போது கேள்வி.

என் நோட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? ஆறு மாதமாக வீடு தேடி இந்த ஊரில் மூன்று பகுதிகளுக்கு நான் மாறி மாறிப் போய்வந்தேன். பள்ளி விடும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்தேன். எத்தனை தெருவிளக்கு எரிகிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மருந்துக்கடை எத்தனை மணிக்கு மூடுகிறது, எல்லாம் எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். "இன்ஸ்பெக்டரம்மா இன்னிக்கு எங்க ரெய்டு?" என்று கேட்டீர்கள். புள்ளியியல் படித்தவளுக்கு எண்ணத்தான் தெரியும். பயம் வந்தால் எண்ணுவேன், அது என் சுபாவம். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

நூலகத் தெருதான் எனக்குப் பிடித்திருந்தது. நோட்டில் அதற்கு மட்டும் நான்கு பக்கம். ஒரே குறை, காலையில் சரக்கு லாரிகள் அந்த வழியாகப் போயின. அதுவும் உங்கள் கம்பெனி லாரிகள். அன்று போனில் நான்தான் சொன்னேன், மறக்கவில்லை: "நீங்கதானே ரூட் போடறீங்க, கொஞ்சம் தள்ளிப் போடக்கூடாதா?" அடுத்த வாரமே லாரிகள் காணாமல் போயின. எனக்கு எவ்வளவு பெருமை! வாண்டுவைக் கூட்டிக்கொண்டு போய் நின்று, "பாத்தியா, அப்பா லாரியையெல்லாம் ஊருக்கு அனுப்பிட்டாரு" என்று காட்டினேன். எந்த ஊருக்கு என்று அவள் கேட்டாள். நான் உங்களிடம் கேட்கவில்லை.

பிறகு அந்த வீட்டுக்காரர் தன் தங்கை மகனுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார். அது போகட்டும், அதில் யார் மேலும் தப்பில்லை.

ஆனால் போன மாதம் நீங்கள் செய்ததை எப்படிச் சொல்ல? இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள். அன்று வாண்டுவுக்குக் காய்ச்சல், நான் வீட்டை விட்டு நகர முடியவில்லை. தரகர் போன் செய்தார், கிளம்பினீர்கள். என் நோட்டில் ஒரு வரிகூட இல்லாத மரக்கடைத் தெருவில் ஒரு வீட்டைப் பார்த்தீர்கள், வாக்கும் கொடுத்துவிட்டு வந்தீர்கள். "குருவி கத்தறது கேக்குதும்மா, அவ்வளவு அமைதி. பள்ளிக்கூடம் எட்டு நிமிஷ நடை. உனக்குக் கட்டாயம் பிடிக்கும், எனக்குத் தெரியும்" என்றீர்கள். எனக்கு என்ன பிடிக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அன்றே பற்றிக்கொண்டு வந்தது. களைப்பாக இருந்தீர்கள். மறுநாள் விடியற்காலை ரயில். வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

நேற்று முன்தினம், புதன்கிழமை, ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்கலாம் என்று வாண்டுவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட நேரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் காலை எட்டு மணிக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் அல்லவா?

தெரு முனையிலேயே கால் நின்றுவிட்டது. நாற்பது நிமிடத்தில் இருபத்திமூன்று லாரி. இருபத்திநாலோ என்று ஒரு சந்தேகம், ஒன்று போகும்போது கண்ணை மூடிக்கொண்டேன். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. என் கையை நீட்டினால் அதன் அகலம் முடிந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக, சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம், அவர்களாகவே கற்றுக்கொண்டதாம். வெள்ளைச் சுவரில் அவர்கள் கை பட்டுப் பட்டு, என் இடுப்பு உயரத்தில் தெரு நெடுக ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. யார் பெயிண்ட் அடித்த பட்டை இது என்று முதலில் யோசித்தேன். ஒரு பையன் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு போனபோதுதான் புரிந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில் வாண்டு நடைபாதையிலிருந்து இறங்கிவிட்டாள். ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அவள் தலைக்கு ஒரு சாண் மேலே போனது. நான் அவளை இழுத்த வேகத்தில் சட்டைத் தோள் கிழிந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்: ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு எதிரே ஒரு தையல்கார அக்கா கடை வைத்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்து உட்கார வைத்தார். வாண்டுவின் சட்டையை வாங்கி, கேட்காமலே தைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு லாரிக்கும் கடை குலுங்கியது. மேசை மேல் இருந்த கத்தரிக்கோல் தானாக நகர்ந்து விளிம்பு வரை வந்தது. அவர் தலையைத் தூக்காமலே கையை நீட்டி அதைப் பழைய இடத்தில் வைத்தார். அடுத்த லாரி, மறுபடி கத்தரிக்கோல், மறுபடி கை. நான் திரைக்கு அளவு சொன்னதும், "கறுப்புத் துணியாவே வாங்கிடும்மா. வெள்ளையா வாங்கினாலும் மூணு மாசத்துல கறுப்புதான், காசாவது மிச்சம்" என்றார். இதெல்லாம் எப்போதிலிருந்து என்று கேட்டேன். "ரெண்டரை மாசமா இந்தக் கூத்து. ஞாயித்துக்கெழம மட்டும் மூச்சு விடுவோம். அன்னிக்கு ஓட்டறதில்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடாது என்பதை உங்களைவிட யார் நன்றாக அறிவார்கள்?

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, சத்தியமாக. எதிரே ஒரு லாரி வளைவில் திரும்ப முடியாமல் நின்றது. நான் போய் ஓட்டுநரிடம், கண் தெரியவில்லையா என்று கத்தினேன். நான்கு பேர் பார்க்கக் கத்தினேன். நீங்கள் பார்த்திருந்தால் என்னை அடையாளம் தெரிந்திருக்காது. அவர் கோபப்படவே இல்லை. "கண்ணு நல்லாத் தெரியுதும்மா. வழிதான் வேற இல்ல. மேல ஒக்காந்து கோடு போட்டுத் தர்றாங்க, அந்தக் கோட்ட விட்டு நாலடி வெலகினா போன் கத்துது. இந்தா, நீயே பாரு" என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். தலைப்பில் கம்பெனி பெயர். நடுவில் படம். கீழே, வழித்தடம் வகுத்தவர் என்ற இடத்தில், உங்கள் பெயர்.

"அந்தப் புண்ணியவான் ஒரே ஒரு நாள் இந்தத் தெருவுல வந்து ஸ்டியரிங்கப் புடிக்கட்டும்" என்றார் ஓட்டுநர். தையல்கார அக்கா கடைக்குள்ளிருந்தே, "எங்கிட்ட விடுங்க அவன, அளவெடுத்து அனுப்பறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே என்று. பிறகு அவர் சட்டையை வாண்டுவுக்கு மாட்டிவிட்டுக்கொண்டே, உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டார். ஏதோ ஆபீஸில் என்று சொல்லிவிட்டேன். தைத்ததற்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கல்யாணம் ஆகி எட்டு வருடத்தில் உங்கள் வேலையைச் சொல்ல எனக்கு வாய் கூசியது அதுதான் முதல் தடவை.

திரும்பும் வழியில் வாண்டு கேட்டாள்: "அம்மா, அப்பா அனுப்பின லாரியெல்லாம் இங்கதான் வந்துச்சா?"

நேற்று போனில் இதில் பாதியைத்தான் சொன்னேன். "எனக்கு ஸ்க்ரீன்ல தெருப்பேரு வராதும்மா, நம்பர்தான் வரும். அதுதான் அந்தத் தெருன்னு சத்தியமா தெரியாது" என்றீர்கள். நம்புகிறேன். நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் தெரிந்து செய்திருந்தால் ஒரு தடவை சண்டை போட்டு முடித்திருப்பேன். தெரியாமல் செய்ததற்கு எப்படிச் சண்டை போடுவது? ஒரு தெரு முழுக்கப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு போகிறார்கள், உங்களுக்கு அது ஒரு நம்பர். அந்த நம்பரிலேயே போய் வீடும் பார்த்திருக்கிறீர்கள்!

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து சொன்னீர்களே, அதற்குத்தான் போனை வைத்தேன். "இதுக்கா அழற? மாசம் பொறந்தா புதுத் தாள் அனுப்பணும். அப்ப அடுத்த தெருவுக்கு மாத்திடறேன். அர நிமிஷ வேல."

அடுத்த தெரு எது தெரியுமா உங்களுக்கு? உங்கள் நம்பர் எனக்குத் தெரியாது, நான் பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தின் சின்ன வாசல் அங்கேதான் இருக்கிறது. தையல்கார அக்காவின் வீடும் அங்கேதான். அவர் மகள் மூன்றாம் வகுப்பு, தனியாக நடந்து போகிறவள். நூலகத் தெருவிலிருந்து மரக்கடைத் தெருவுக்கு அரை நிமிடம். அங்கிருந்து அவர் வாசலுக்கு அரை நிமிடம். நாம் குடிபோகிற இடத்துக்கெல்லாம் முன்னால் ஓடி ஓடி, லாரியை அடுத்தவர் பிள்ளை மேல் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பீர்களா? நான் கேட்டுத்தானே முதல் தடவை தள்ளினீர்கள்? அது என்னைக் குத்துகிறது. உங்கள் மேல் இருக்கும் கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது. அந்தப் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன். மீதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் இன்னொன்றும் சொன்னார். ஊரைச் சுற்றிப் போகிற வெளிவட்டச் சாலை இருக்கிறதாம், அகலமான சாலை, இரண்டு பக்கமும் வெறும் கிடங்குகளாம். ஆனால் இருபத்தைந்து நிமிடம் கூடுதலாகுமாம். அந்த வழியைப் போட்டால் உங்கள் மேலாளர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி நான் உங்களைப் பார்த்ததில்லை. அண்ணியிடம் சொன்னதில்லை, தரகரிடம் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை. இதை எழுதும்போது எனக்கே பாவமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், இந்த முறை சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்காரர் இன்று காலை போன் செய்தார், சாவியை எப்போது வாங்கிக்கொள்கிறீர்கள் என்று. அடுத்த வாரம் பதில் சொல்கிறோம் என்றேன். உண்மையைச் சொன்னால், வீடு நல்ல வீடு. ஜன்னல் பெரிது. வாண்டு ஒரு மூலையைப் பார்த்து வைத்துவிட்டாள், அங்கேதான் அவள் மேசை வருமாம். லாரி வெளிவட்டத்தில் போனால் நாளைக்கே சாமானைக் கட்டத் தயார். லாரி அடுத்த தெருவில் போகிறது என்றால் நான் அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன். உங்கள் அண்ணி சொல்வதைத் தினமும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு இந்த மாடியிலேயே இருந்துகொள்கிறேன். எதிர்க்கடை அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

புதுத் தாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் எந்தக் கோட்டையும் தொடாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். புதன்கிழமை வாருங்கள். காலை எட்டு மணிக்கு நாங்கள் தையல் கடை வாசலில் நிற்போம். நீங்கள் யார் என்று அந்த அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன். அதை நீங்களே சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், நல்ல மனுஷி, திட்டி முடித்ததும் உட்காரச் சொல்வார். அதற்குப் பிறகு நாம் மூன்று பேரும் பள்ளிக்கூடம் வரை நடப்போம், எட்டே நிமிஷம்தானே!

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஸ்க்ரீனையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தூங்கிவிடாதீர்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். கோபத்தோடு எழுதியதால் அன்பு இல்லை என்று நினைக்க வேண்டாம்.

வாண்டு நேற்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவிக்கொண்டு நடந்து பழகுகிறாள். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொள்கிறாள். லாரி போகிற பக்கத்துக் கை சும்மா இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இன்ஸ்பெக்டர்